பிறந்த மண்ணும் பெற்றோர் குடியும்: சிங்கப்பூரில் பிறப்புவழிக் குடியுரிமையின் நியாயம்

லிட்டில் இந்தியாவை ஒட்டி, புக்கிட் தீமா சாலையில் அமைந்திருக்கும் கே.கே. மகளிர், சிறுவர் மருத்துவமனையில் ஒரே நாளில் இரண்டு தமிழ்க் குழந்தைகள் பிறக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒரு குழந்தையின் தந்தை சிங்கப்பூர்க் குடிமகன். தாய் மாயவரத்திலிருந்து மணமாகி வந்தவர். மற்றொரு குழந்தையின் தாய் தந்தையர் இருவரும் உத்தியோக நிமித்தம் தமிழ்நாட்டிலிருந்து வந்து, உரிய அனுமதி பெற்று, வாடகை வீட்டில் குடித்தனம் நடத்துபவர்கள். முதற்குழந்தை பிறந்த கணத்திலேயே இந்நாட்டின் பிரஜை ஆகிவிடுகிறது. இரண்டாவது குழந்தையின் பிறப்புச் சான்றிதழோ, அது பிறக்கும்போது சிங்கப்பூர்க் குடியுரிமை உடையதன்று என்னும் குறிப்போடு வருகிறது. பெற்றவளோடு இந்நாட்டில் தங்கியிருப்பதற்கே அதற்குத் தனியாக ஓர் அனுமதி வேண்டியிருக்கிறது.

இந்த வேற்றுமை நியாயமானதா என்பதே நாம் ஆராயப் புகும் பிரச்சினை. பிறந்த மண்ணே ஒருவனைப் பிரஜையாக்கும் என்பது ஒரு கட்சி. பெற்றோரின் குடியே பிள்ளையின் குடி என்பது மற்றொரு கட்சி. உலகத்துச் சட்டங்கள் யாவும் இவ்விரண்டினிடையே ஏதோ ஓரிடத்தில்தான் நிற்கின்றன. ஆயினும் எந்த நாட்டிலும் குடியுரிமைச் சட்டத்தை மட்டும் தனித்து எடுத்து வைத்து அதன் நியாயத்தை நிறுத்துப் பார்க்க இயலாது. யாரை உள்ளே விடுவது, எத்தனை காலம் தங்கவிடுவது, குடும்பத்தை அழைத்துவர இசைவதா மறுப்பதா என்று தீர்மானிக்கும் குடியேற்றச் சட்டத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும். சிங்கப்பூரின் அநுபவம் இதனைப் பிற நாடுகளின் அநுபவத்தினும் தெளிவாக விளக்குகிறது என்பது என் கருத்து.

மன்னரின் குடிகள்

ஆங்கிலேயப் பொதுச்சட்டம், மன்னரின் ஆட்சிக்குட்பட்ட மண்ணில் பிறந்தோர் அனைவரும் மன்னரின் குடிகளே என்னும் கொள்கையை 1608ஆம் ஆண்டின் கால்வின் வழக்கு முதலாகவே நிலைநாட்டியிருந்தது. அக்கொள்கைதான் நீரிணைக் குடியேற்றங்கள் என்னும் பிரிட்டிஷ் ஆட்சிப்பகுதிகளுக்கும், அவற்றுள் ஒன்றான சிங்கப்பூருக்கும் வந்து சேர்ந்தது. மண்ணின் உரிமை எனப்படும் இது ஜனநாயகத்தின் கொடையன்று. நிலத்துக்கு உடையவர் அதில் பிறக்கும் உயிர்களுக்கும் உடையவர் என்ற பழைய பிரபுத்துவ எண்ணத்தின் சந்ததி. மண்ணுரிமையைப் புனிதமென்று போற்றுவோர் இந்தப் பிறப்பை மறந்துவிடலாகாது.

அக்காலத்துச் சிங்கப்பூரில் இவ்வுரிமையின் பயன் சமூகத்துக்குச் சமூகம் வேறுபட்டது. சீன தேசத்திலிருந்து வந்தவர் அந்நியர். அவருக்கு இங்கே பிறந்த மகனோ பிரிட்டிஷ் பிரஜை. தந்தையை நாடு கடத்தும் சட்டத்தின்கீழ்க் கப்பலேற்றிவிட முடியும்; இங்கே பிறந்த மகனை அவ்வாறு அனுப்ப முடியாது. 1933ஆம் ஆண்டில் வந்த அந்நியர் சட்டம் சீனரின் வருகையைக் கட்டுப்படுத்தியபோது, மண்ணில் பிறந்ததன் மதிப்பு சீனக் குடும்பங்களில் இன்னும் உயர்ந்தது. தமிழரின் நிலை வேறு. தஞ்சையிலோ இராமநாதபுரத்திலோ பிறந்தவரும் அதே மன்னரின் பிரஜை. புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் பிறந்தவர்கூட பிரிட்டிஷ் பாதுகாப்புக்கு உட்பட்டவர். அந்நியர் சட்டம் அவரைத் தீண்டவில்லை. நாகப்பட்டினத்துக்கும் சிங்கப்பூருக்கும் இடையே கடல் இருந்ததேயன்றிப் பிரஜாவுரிமையின் எல்லைக்கோடு இருக்கவில்லை. 1948இல் சிங்கப்பூரின் முதற்பொதுத் தேர்தலுக்கு வாக்காளராகப் பதிந்துகொண்ட ஏறத்தாழ 23,000 பேரில் இந்தியரின் விகிதம் அவர்களுடைய ஜனத்தொகைக்குப் பன்மடங்கு மிகுந்திருந்ததற்கு, பிரிட்டிஷ் பிரஜைகளுக்கு மட்டுமே வாக்குரிமை என்ற விதியும் ஒரு காரணமாகும்.

இங்ஙனம் மண்ணுரிமையைத் தேடவேண்டிய அவசியமே இல்லாதிருந்த காரணத்தால், தமிழர் அதனைப் பெரிதாக மதிக்கவுமில்லை. ஆடவர் இங்கே உழைத்துப் பொருளீட்ட, மனைவி மக்கள் ஊரிலேயே வாழ்ந்த குடும்பங்கள் பல. மனைவியை உடன் அழைத்து வந்தவர்களிடத்திலும், தலைப்பிரசவம் தாய்வீட்டிலே என்ற சம்பிரதாயம் கர்ப்பிணியைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவைத்தது. தந்தை முப்பது ஆண்டுகள் சிங்கப்பூரிலே உழைத்திருக்க, மகன் மன்னார்குடியிலே பிறந்து ஐந்து வயதில் சிங்கப்பூருக்கு வந்து சேருவான். பிறந்த இடம் ஒன்றையே குடிமைக்கு அளவுகோலாகக் கொண்டால் இப்படிப்பட்ட மகன் எந்த ஊருக்குச் சொந்தம் என்ற கேள்வி, இந்தியா சுதந்திரமடைந்து, ஒரே குடைக்கீழ் இருந்த இரு கரைகளும் இரு தேசங்களாகிப்போன பின்னர்தான் எழுந்தது. 1950இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பு கடல் கடந்த இந்தியர் தூதரகத்திலே பதிந்து இந்தியப் பிரஜையாகலாம் என்று வழிசெய்தது. ஆனால் தாமாக விரும்பி வேறொரு நாட்டின் குடியுரிமை பெற்றவர் இந்தியராயிருக்க முடியாது என்றும் விதித்தது. 1953 முதல் சிங்கப்பூரின் குடியேற்றச் சட்டம் இந்தியரின் வருகைக்கும் கட்டுப்பாடு விதித்தது. இரண்டிலொன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும் என்ற நிலை வந்துவிட்டது.

1957ஆம் ஆண்டின் திறந்த வாசல்

அவ்வேளையில் சிங்கப்பூருக்கென்று தனிக் குடியுரிமை என ஒன்று இருக்கவில்லை. பக்கத்து மலாயாவிலே 1946இல் பிரிட்டிஷார் கொண்டுவந்த மலாயன் யூனியன் திட்டம், வந்தேறிய சீனர்க்கும் இந்தியர்க்கும் தாராளமாகக் குடியுரிமை அளிக்க முற்பட்டு, மலாய் மக்களின் பெருங்கிளர்ச்சியால் இரண்டே ஆண்டுகளில் கைவிடப்பட்டது. அம்னோ என்னும் மாபெரும் அரசியற்கட்சியே அக்கிளர்ச்சியில் பிறந்ததுதான். குடியுரிமையைப் பங்கிடும் பேச்சு எவ்வளவு எளிதில் ஓர் இனத்தின் அச்சத்தைக் கிளறிவிடும் என்பதற்கு இது சான்று.

சிங்கப்பூரிலோ பிரச்சினை வேறு உருவில் வந்தது. பாதி ஆயுளை இங்கே கழித்தும் வாக்குரிமையற்று வாழ்ந்த, சீனாவில் பிறந்த லட்சக்கணக்கானோருக்காகச் சீன வர்த்தக சங்கம் கோ டெக் கின் தலைமையில் பல ஆண்டுகள் வாதாடியது. சிங்கப்பூரின் முதல் முதலமைச்சர் டேவிட் மார்ஷல் அக்கோரிக்கையை ஆதரித்தார். லிம் இயூ ஹாக் முதலமைச்சராயிருந்த காலத்தில், 1957இல், சிங்கப்பூர்க் குடியுரிமைச் சட்டம் நிறைவேறியது. அச்சட்டம் மண்ணையும் மதித்தது, வாசத்தையும் மதித்தது. இங்கே பிறந்தோர் பிறப்பாலேயே குடிமக்கள். மலாயாவில் பிறந்தோரும் பிரிட்டனுக்கும் அதன் காலனிகளுக்கும் உரிய குடிமக்களும் இரண்டாண்டு வாசத்தின்பேரில் பதிந்துகொள்ளலாம். ஏனையோர் எட்டாண்டு இங்கே வாழ்ந்து, விசுவாசப் பிரமாணமும் செய்தால் பதிந்துகொள்ளலாம். 1955ஆம் ஆண்டுத் தேர்தலில் சுமார் 3 லட்சமாயிருந்த வாக்காளர் தொகை, 1959ஆம் ஆண்டுத் தேர்தலில் 5.8 லட்சத்தைத் தாண்டியதில் இச்சட்டத்துக்குப் பெரும்பங்கு உண்டு.

தமிழர் இவ்வாசலில் தயங்கி நின்றனர். ஊரிலே நிலமும் பந்துக்களும் இருக்க, வேறொரு நாட்டுக்கு விசுவாசப் பிரமாணம் செய்வதா என்ற மயக்கம் பலருக்கு இருந்தது. 1924இல் திருவாரூரிலிருந்து வந்து, 1935இல் 'தமிழ் முரசு' இதழைத் தொடங்கிய கோ. சாரங்கபாணி அம்மயக்கத்தைப் போக்கத் தம் பத்திரிகையையும் தமிழர் பிரதிநிதித்துவ சபையையும் பயன்படுத்தினார். இந்நாட்டிலே வேரூன்ற நினைக்கும் தமிழர் இந்நாட்டின் குடியுரிமையைத் தயங்காது பெறவேண்டும் என்று இடைவிடாது வற்புறுத்தினார்.

அவ்வற்புறுத்தலின் அருமை பத்தாண்டுகளுக்குள் தெரிந்துவிட்டது. 1965இல் நாடு தனித்தபின், குடிமக்களல்லாதார் வேலை செய்ய அனுமதிச்சீட்டு வேண்டும் என்ற சட்டம் வந்தது. 1968இல் பிரிட்டிஷார் தம் படைத்தளங்களை மூடப்போவதாக அறிவித்தபோது, செம்பவாங் கடற்படைத் தளத்தில் ஆண்டுக்கணக்காக உழைத்திருந்த தமிழரும் மலையாளிகளும் பலர், குடியுரிமை பெறாத ஒரே காரணத்தால், கைக்கு வந்த பணிக்கொடையோடு ஊர் திரும்பினர். 1957இல் மக்கள்தொகையில் 9 சதவீதமாயிருந்த இந்தியர், 1980இல் 6.4 சதவீதமாகக் குறைந்ததன் பின்னணியில் இத்திரும்புதலும் இருக்கிறது. ஒரு தாளில் கையொப்பமிட்டவரின் பேரப்பிள்ளைகள் இன்று குடிமக்களுக்குரிய இளஞ்சிவப்பு அடையாள அட்டையோடு வாழ, கையொப்பமிடாதவரின் பேரப்பிள்ளைகள் அதே நாட்டுக்கு வேலை அனுமதி கேட்டு விண்ணப்பிக்கிறார்கள்.

இன்றைய சட்டம்

இன்றைய அரசியலமைப்பின் 121ஆம் பிரிவு, 1963 செப்டம்பர் 16க்குப் பின்னர்ச் சிங்கப்பூரில் பிறந்த ஒவ்வொருவரும் பிறப்பால் குடிமக்களே என்று தாராளமாகத் தொடங்கி, அடுத்த உட்பிரிவிலேயே, பிறக்கும்போது பெற்றோரில் ஒருவரேனும் குடிமகனாக இல்லாவிடின் அவ்வுரிமை இல்லை என்று மறுத்துவிடுகிறது. ஆகவே மண் இன்று தனித்து எதையும் தருவதில்லை. பெற்றோரின் குடிமையோடு சேர்ந்தால்தான் அதற்கு மதிப்பு. நிரந்தரவாசிகள் இருவருக்குப் பிறந்த பிள்ளைக்கும் இதே விதிதான். அப்பிரிவின் மூன்றாவது உட்பிரிவு மட்டும், எல்லாச் சூழ்நிலைகளையும் கருதி நியாயமென்றும் நேர்மையென்றும் அரசாங்கம் எண்ணுமிடத்து, இங்கே பிறந்த பிள்ளைக்குக் குடியுரிமை அளிக்கலாம் என்று ஒரு சிறு கதவைத் திறந்துவைத்திருக்கிறது.

வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைகளின் கதை இதனோடு ஒட்டியது. 2004ஆம் ஆண்டுவரை, கடல் கடந்து பிறந்த பிள்ளைக்குத் தந்தை வழியாகவே குடியுரிமை இறங்கியது. தாய் சிங்கப்பூரரேயாயினும் அவள் வழியாக இறங்கவில்லை. சிங்கப்பூர்ப் பெண்ணொருத்தி தமிழ்நாட்டு மாப்பிள்ளையை மணந்து திருச்சியிலே பிள்ளை பெற்றால், அப்பிள்ளை பிறப்பால் சிங்கப்பூரர் ஆகவில்லை. அவளுடைய அண்ணன் மனைவி அதே ஊரிலே பெற்ற பிள்ளை ஆகிவிட்டது. 2004ஆம் ஆண்டுத் திருத்தம் இவ்வநீதியை நீக்கித் தாயையும் தந்தையையும் சமமாக்கியது. பரம்பரை வழி என்பது ஏதோ இயற்கையே விதித்ததுபோல் நாம் பேசுகிறோம். யாருடைய பரம்பரை, ஆணுடையதா பெண்ணுடையதா என்பதைக்கூடச் சட்டமே எழுதுகிறது, சட்டமே திருத்துகிறது.

இன்னொரு விசித்திரமும் உண்டு. பெற்றோர் யாரென்றே தெரியாமல் சிங்கப்பூரில் கண்டெடுக்கப்படும் சிசுவை, மாறாக நிரூபணம் ஆகும்வரை, பிறப்பால் குடிமகனாகவே கருத அரசியலமைப்பு இடங்கொடுக்கிறது. கைவிடப்பட்ட குழந்தையை நாடற்றதாக விட மனமில்லாத அந்தக் கருணை போற்றத்தக்கதே. ஆனால் தெருவிலே கிடந்த பிள்ளைக்கு மண் போதுமானதாயிருக்க, தாய் தந்தையர் அணைத்து வளர்க்கும் பிள்ளைக்கு அதே மண் போதாமற்போகிறது என்பதையும் காண்கிறோம்.

பிற நாடுகளின் படிப்பினை

மண்ணுரிமையை நிபந்தனையின்றி வைத்திருக்கும் நாடுகள் உலகில் சுமார் முப்பது. அவற்றுள் பெரும்பாலானவை அமெரிக்கக் கண்டங்களில் உள்ளவை. ஐக்கிய அமெரிக்காவில் அடிமைத்தளையினின்று விடுபட்ட கறுப்பின மக்களைப் பிரஜைகளென்று உறுதிசெய்ய 1868இல் எழுதப்பட்ட பதினான்காம் திருத்தமே அதன் அடிப்படை. 1898இல் வோங் கிம் ஆர்க் வழக்கில், சீனப் பெற்றோருக்கு சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவரும் அமெரிக்கரே என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 ஜனவரியில் அதிபர் டிரம்ப் பிறப்பித்த, இவ்வுரிமையைக் குறுக்கும் ஆணையை நீதிமன்றங்கள் தடுத்தன. மண்ணுரிமையின் தாயகமான பிரிட்டனோ 1983 முதல் அதனைக் கைவிட்டு, பெற்றோரில் ஒருவர் குடிமகனாகவோ நிலையாகத் தங்க உரிமையுள்ளவராகவோ இருக்கவேண்டும் என்றது. ஆயினும் அங்கே பிறந்து பத்தாண்டுகள் வாழ்ந்த பிள்ளை உரிமையோடு பதிந்துகொள்ளலாம் என்ற வழியையும் உடன் வைத்தது. ஆஸ்திரேலியா 1986இல் இதே பாதையில் சென்றது. அங்கே பத்தாண்டு நிறைவில் குடியுரிமை தானே வந்துவிடுகிறது. அயர்லாந்து 2004இல் ஜனவாக்கெடுப்பு நடத்தி, ஏறத்தாழ 79 சதவீத ஆதரவோடு நிபந்தனையற்ற மண்ணுரிமையை நீக்கியது.

ஹாங்காங்கின் அநுபவம் சிங்கப்பூருக்கு மிக அருகிலானது. அங்கே பிறந்த சீனக் குடியினர், பெற்றோர் யாராயினும், நிரந்தரமாகத் தங்கும் உரிமையுடையவர் என்று 2001இல் இறுதி முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தபின், பெருநிலத்துக் கர்ப்பிணிகள் ஆயிரக்கணக்கில் வந்து மருத்துவமனைகளை நிறைத்தனர்; உள்ளூர்த் தாய்மாருக்குப் படுக்கை கிடைக்கவில்லை என்ற கூக்குரல் எழுந்தது. 2013 முதல் அரசாங்கம் அவ்வருகையை அறவே நிறுத்தியது. சிறிய நகரத்தைச் சுற்றிப் பெரிய நாடுகள் இருக்குமிடத்து, நிபந்தனையற்ற மண்ணுரிமை எவ்வாறு திணறும் என்பதற்கு இது கண்கூடான உதாரணம்.

மறுபக்கத்தில், மண்ணைப் புறக்கணித்துப் பரம்பரையை மட்டும் பார்க்கும் சட்டம் என்ன செய்யும் என்பதற்குத் தமிழர் வரலாற்றிலேயே கொடிய உதாரணம் இருக்கிறது. இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், அங்கே பிறந்தவரிடமும் அவருடைய தந்தையோ தந்தைவழி முன்னோரோ அங்கே பிறந்ததற்குச் சான்று கேட்டது. தலைமுறைகளாகத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த மலையகத் தமிழரிடம் அத்தகைய காகிதம் இல்லை. ஏறத்தாழ ஏழு லட்சம் பேர் நாடற்றோராயினர். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, 1,50,000 பேரைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று மனிதர் பங்கிடப்பட்டனர். அக்கணக்கு முற்றும் தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது. இந்தியாவிலோ மண்ணுரிமை 1987 ஜூலை 1ஆம் தேதியோடு முடிவுற்றது. இலங்கைத் தமிழர் தங்கிய மண்டபம் அகதி முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண்ணுக்கு இந்தியக் கடவுச்சீட்டு வழங்கவேண்டும் என்று 2022இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது; அதே முகாமில் அத்தேதிக்குப் பின் பிறந்த பிள்ளைகளுக்கு அப்பாக்கியம் இல்லை. 2013இல் டொமினிக்கன் குடியரசின் அரசியலமைப்பு நீதிமன்றம் 1929வரை பின்னோக்கிச் சென்று, ஹெய்ட்டி வமிசத்தவரின் குடியுரிமையைப் பறித்ததும் இவ்வகையைச் சேர்ந்ததே.

இரு பக்கத்து வாதங்கள்

மண்ணுரிமைக்கு எதிராகச் சிங்கப்பூரில் கூறப்படும் வாதங்கள் எளிதில் ஒதுக்கத்தக்கவையல்ல. முதலாவது, இடம். 2024ஆம் ஆண்டில் இத்தீவில் வாழ்ந்த 60.4 லட்சம் பேரில் குடிமக்கள் 36.4 லட்சம், நிரந்தரவாசிகள் 5.4 லட்சம், ஏனைய வெளிநாட்டவர் 18.6 லட்சம். பத்தில் மூவர் தற்காலிகமாக வந்தவராயிருக்கும் ஊரில், பிறந்த பிள்ளையெல்லாம் குடிமகன் என்றால், குடியேற்றத்தின் அளவையும் தன்மையையும் தீர்மானிக்கும் அதிகாரம் மக்களாட்சியின் கையைவிட்டுப் போய்விடும் என்கிறார்கள். இரண்டாவது, கடமை. 1967 முதல் சிங்கப்பூர்க் குடிமகன் ஒவ்வொருவனும் தன் வாலிபத்தில் தேசிய சேவை என்னும் கட்டாயப் பணியைச் செய்கிறான். சுமையேற்காதவருக்குச் சுகத்தில் பங்கு ஏன் என்று கேட்கிறார்கள். 2013 ஜனவரியில் வெளிவந்த மக்கள்தொகை வெள்ளையறிக்கை 2030இல் 69 லட்சம் பேர் வரை இருக்கலாம் என்று கூறியபோது, ஹாங் லிம் பூங்காவில் ஆயிரக்கணக்கானோர் கூடி எதிர்ப்புத் தெரிவித்ததை நினைத்தால் இவ்வுணர்ச்சியின் ஆழம் விளங்கும்.

எதிர்வாதமும் வலிமையுள்ளதே. கனடாவில் வாழும் அரசியல் தத்துவ அறிஞர் ஜோசப் கேரன்ஸ், செல்வ நாட்டின் குடியுரிமை நிலப்பிரபுத்துவ காலத்துப் பிறப்புச் சலுகைக்கு ஒப்பானது என்று 1987இலேயே எழுதினார். சட்ட அறிஞர் அயலெத் ஷாகர் 2009இல் வெளியிட்ட நூலில், பிறப்பால் வரும் குடியுரிமை ஒரு குலுக்கற் பரிசே என்றும், அது சொத்துரிமைபோலத் தலைமுறை தலைமுறையாய் இறங்குகிறது என்றும் வாதித்தார். இவர்கள் கூற்றை ஏற்றால் குற்றம் மண்ணுரிமைக்கு மட்டுமன்று, பரம்பரை உரிமைக்கும் உண்டு. தாய் எந்த மருத்துவமனையில் இருந்தாள் என்பது எவ்வாறு குழந்தையின் தகுதியாகாதோ, அவ்வாறே தந்தை எந்த அட்டை வைத்திருந்தான் என்பதும் குழந்தையின் தகுதியாகாது. லண்டனிலே பிறந்து வளர்ந்து, சிங்கப்பூரை விடுமுறையில் மட்டும் கண்ட குடிமகன் மகனுக்குப் பிறப்பிலேயே உரிமை உண்டு. இருபத்தொரு வயதானபின் அவன் பிரமாணம் செய்து அதனைக் காத்துக்கொண்டாற் போதும். இங்கே பிறந்து, இங்கே படித்து, வேறொரு ஊரை அறியாமல் வளர்ந்த பிள்ளைக்கோ விண்ணப்பிக்கும் வாய்ப்பு மட்டுமே உண்டு. சுமையேற்பவருக்கே சுகம் என்ற வாதமும் இங்கே இடறுகிறது; பெற்றோரால் நிரந்தரவாசம் பெற்ற ஆண்பிள்ளைகள் குடிமக்களாகாமலே தேசிய சேவைக்குக் கடமைப்பட்டவர்கள். பிறப்பைக் காட்டிலும் பிரமாணமும் வாழ்வுமே பெரிது என்பதற்கு வேறு சாட்சியும் வேண்டுவதில்லை: 1966இல் இந்நாட்டின் தேசிய உறுதிமொழியை எழுதிய எஸ். ராஜரத்தினம் யாழ்ப்பாணத்தில் பிறந்து, மலாயாவில் வளர்ந்தவர்.

பிறப்பதற்கு முன்பே தீர்க்கப்படும் வழக்கு

மேலே கண்ட வாதங்களெல்லாம் குழந்தை பிறந்தபின் எழுபவை. சிங்கப்பூரில் இப்பிரச்சினையின் பெரும்பகுதி குழந்தை பிறப்பதற்கு முன்பே தீர்க்கப்பட்டுவிடுகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

உயர்பணியாளருக்குரிய எம்ப்ளாய்மென்ட் பாஸ், இடைநிலை ஊழியருக்குரிய எஸ் பாஸ் உள்ளவர் குறித்த அளவு சம்பளம் பெற்றால் மனைவி மக்களை அழைத்துக்கொள்ளலாம், பி.ஆர். என்று வழங்கும் நிரந்தரவாசத்துக்கு விண்ணப்பிக்கலாம்; அதன் வழியே குடியுரிமைக்கும் ஏறலாம். ஒர்க் பெர்மிட்டில் வரும் கட்டட ஊழியருக்கும் கப்பல்பட்டறை ஊழியருக்கும் இவற்றுள் ஒன்றுமில்லை. குடும்பத்தை அழைத்துவர முடியாது. நிரந்தரவாசம் கேட்க முடியாது. சிங்கப்பூரரையோ நிரந்தரவாசியையோ மணப்பதானால் மனிதவள அமைச்சின் முன்அனுமதி வேண்டும், ஊழியம் முடிந்து ஊர் திரும்பிய பின்னும் வேண்டும். சுமார் மூன்று லட்சம் பணிப்பெண்களின் நிலை இதனினும் கடுமை. ஆறு மாதத்துக்கொரு முறை செய்யும் மருத்துவப் பரிசோதனையில் கருவுற்றிருக்கிறார்களா என்பதும் பார்க்கப்படுகிறது. இங்கே பிள்ளை பெறுதல் அவர்களுடைய அனுமதியின் நிபந்தனைக்கு மாறானது. கருவுற்றவர் வேலையிழந்து ஊர் திரும்ப நேர்கிறது.

ஆக, ஏழை உழைப்பாளியின் பிள்ளைக்கு மண்ணுரிமை உண்டா இல்லையா என்று நீதிமன்றம் ஆராய வேண்டிய சந்தர்ப்பமே எழாதவாறு குடியேற்ற விதிகள் பார்த்துக்கொள்கின்றன. அமெரிக்காவிலே அரசியலமைப்பு வழக்காக எழுவது இங்கே பெர்மிட்டின் நிபந்தனையாக முடிந்துவிடுகிறது. எழுத்தளவில் 121ஆம் பிரிவு பொறியாளரின் பிள்ளைக்கும் தொழிலாளியின் பிள்ளைக்கும் ஒன்றே. நடைமுறையிலோ முதலாமவருடைய பிள்ளைக்கு ஏணி உண்டு, இரண்டாமவருடைய பிள்ளை இம்மண்ணில் பிறப்பதேயில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் லிட்டில் இந்தியாவின் தேக்காவிலும் ரேஸ் கோர்ஸ் சாலையிலும் திரளும் ஆயிரக்கணக்கான தமிழ் இளைஞர்கள் தனி ஆடவர்களாகவே தோன்றுவதற்குக் காரணம் இதுதான். அவர்களுள் பலர் ஊரிலே மனைவியும் மக்களும் உள்ளவர்கள். கைப்பேசித் திரையில் பிள்ளையின் வளர்ச்சியைக் காண்பவர்கள். 2013 டிசம்பர் 8ஆம் தேதி இரவு, பேருந்தொன்றில் அடிபட்டு ஒரு தமிழ் ஊழியர் இறந்ததையடுத்து ரேஸ் கோர்ஸ் சாலையும் ஹாம்ஷியர் சாலையும் சந்திக்குமிடத்தில் கலவரம் வெடித்து, பின்னர் ஐம்பதுக்கு மேற்பட்டோர் நாடு கடத்தப்பட்டனர். அச்சந்திக்கு மிக அருகிலேதான் பழைய காண்டாங் கெர்பாவ் மருத்துவமனை இருந்தது. 1966ஆம் ஆண்டில் மட்டும் 39,835 பிரசவங்களைக் கண்டு உலக சாதனை படைத்த மருத்துவமனை அது. வந்தேறிய குடும்பங்களின் பிள்ளைகள் புதிய குடியரசின் முதல் தலைமுறையாக அங்கே பிறந்தார்கள். அரை நூற்றாண்டுக்குள் வந்தேறியவருக்கும் வந்துபோகிறவருக்கும் இடையே சட்டம் எத்தனை அகலமான பள்ளத்தை வெட்டியிருக்கிறது என்பதை இவ்விரு நிகழ்ச்சிகளும் காட்டுகின்றன.

2025 ஜூலை முதல், பெர்மிட் ஊழியர் இத்தனை ஆண்டுகள்தாம் வேலை செய்யலாம் என்ற உச்சவரம்பு நீக்கப்பட்டு, வயது வரம்பும் 63ஆக உயர்த்தப்பட்டது. உழைப்பாளிக்கு இது நன்மையே. ஆனால் இருபது வயதில் வந்தவர் நாற்பதாண்டுகளுக்குமேல் இந்நாட்டைக் கட்டியெழுப்பியும், கடைசிவரை தற்காலிக விருந்தாளியாகவே இருந்து திரும்பலாம் என்பதும் இதனால் உறுதியாகிறது. 1957ஆம் ஆண்டுச் சட்டம் அந்நியனென்று எண்ணிய மனிதனிடமும் கேட்டது எட்டாண்டு வாசம் மட்டுமே.

முடிபு

இவற்றையெல்லாம் சீர்தூக்கிப் பார்க்கும்போது, நிபந்தனையற்ற மண்ணுரிமை சிங்கப்பூருக்கு ஏற்றதென்று என்னால் கூற இயலவில்லை. ஹாங்காங்கின் அநுபவம் அதற்கு எதிராக நிற்கிறது. பிறந்த கணத்தின் தற்செயலை உரிமையின் அடிப்படையாக்குவதும் தர்க்கத்துக்கு நிற்பதன்று. பரம்பரையை மட்டும் பார்க்கும் சட்டமும் நியாயமென்று கூறுவதற்கில்லை. மலையகத்தின் கண்ணீர் அதற்குச் சாட்சி. நியாயமான அளவுகோல் வாழ்வே: ஒரு மனிதன் எங்கே வளர்ந்தான், எங்கே உழைத்தான், எந்த ஜனங்களோடு தன் சுகதுக்கங்களைப் பங்கிட்டுக்கொண்டான் என்பதே. 1957ஆம் ஆண்டுச் சட்டம் ஏனையோரிடம் இதனைத்தான் அளவுகோலாகக் கொண்டது.

அவ்வளவுகோலின்படி மூன்று திருத்தங்கள் வேண்டும் என்பது என் அபிப்பிராயம். இங்கே பிறந்து, பத்தாண்டுகள் இங்கேயே வாழ்ந்த பிள்ளைக்கு, பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் உள்ளதுபோல், குடியுரிமை சட்டப்படியான உரிமையாக வேண்டும். அரசாங்கத்தின் தயவாக இருத்தலாகாது. வேறெந்த நாட்டின் குடியுரிமையும் கிட்டாத பிள்ளை இம்மண்ணில் பிறந்தால், கண்டெடுத்த சிசுவுக்குக் காட்டும் கருணையை அதற்கும் காட்டவேண்டும். நாடற்றோர் குறித்த 1954, 1961ஆம் ஆண்டு உடன்படிக்கைகளில் இன்னும் சேராத சிங்கப்பூர், 1995இலேயே குழந்தைகள் உரிமை உடன்படிக்கையில் சேர்ந்திருப்பதை இதன்பொருட்டு நினைவிற் கொள்ளவேண்டும். நியாயமென்று அரசாங்கம் எண்ணுமிடத்து அளிக்கலாம் என்ற உட்பிரிவுக்கு, எவ்வெவற்றைக் கொண்டு எண்ணப்படுகிறது என்ற விதிகளைப் பகிரங்கமாக வெளியிடவேண்டும். இவற்றால் தீவு நிரம்பி வழிந்துவிடாது. வாசலில் யாரை விடுவதென்ற அதிகாரம் முன்போலவே அரசாங்கத்திடம் இருக்கும். பெர்மிட்டில் வந்து பதினைந்து, இருபது ஆண்டுகள் உழைத்தவருக்கும் நிரந்தரவாசத்துக்கு விண்ணப்பிக்கும் ஒரு வழியேனும் வேண்டும் என்பதை இவற்றோடு சேர்த்து யோசிப்பது தகும். ஏனெனில், அவ்வழி இல்லாதவரை, மேலே கூறிய திருத்தங்கள் வசதியுள்ளோரின் பிள்ளைகளுக்கு மட்டுமே பயன்படும்.

சிங்கப்பூர்த் தமிழ் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. நம்மில் பலரின் குடியுரிமை, 1957இல் ஒரு பாட்டனார் எட்டாண்டு வாசத்தைக் காட்டிப் பதிந்துகொண்டதனால் வந்தது. இம்மண் அவரைப் பெறவில்லை, ஏற்றுக்கொண்டது. நாம் பிறப்பால் பெற்றதாக எண்ணும் உரிமையின் வேரில் ஒரு குடியேறியின் விண்ணப்பம் இருக்கிறது. ஆதலின், இன்று தேக்காவில் நம் பக்கத்தில் நடப்பவரின் பிள்ளைக்கு அவ்வழியை மறுக்க வேண்டுமென்று வாதாடும் உரிமை, வேறு யாருக்கு இருப்பினும், நமக்கு இல்லை.